வராந்தாவில் தொங்கிய அரச ரகசியம்

நாட்டில் மின்வெட்டு கிடையாது. இதை அமைச்சரே நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று அறிவித்தார். பாதியில் விளக்கு அணைந்துவிட்டதால் மீதியை இருட்டில் அறிவித்தார். இருப்பதெல்லாம் 'ஒளி ஓய்வு' மட்டுமே. உழைக்கிற மனிதனுக்கு ஓய்வு உண்டு. கடலுக்கும் உண்டு, செவ்வாய்க்கிழமை எந்த மீனவனும் படகைத் தள்ளுவதில்லை. அப்படியிருக்க மின்சாரத்துக்கு மட்டும் ஏன் கூடாது என்று கேட்டுவிட்டு அவர் நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார்.

ஓய்வு எப்போது வரும் என்பது அரச ரகசியம். காரணம் எளியது. முன்கூட்டித் தெரிந்தால் மக்கள் அவசர அவசரமாகத் துணி தேய்த்து, மாவு அரைத்து, போனுக்குச் சார்ஜ் ஏற்றி, இருக்கிற மின்சாரத்தையெல்லாம் தீர்த்துவிடுவார்கள். பிறகு நிறுத்துவதற்கு என்ன இருக்கும்? ஆகவே ஓய்வு அட்டவணையை வெளியே சொல்பவருக்குச் சிறை. அப்படியோர் அட்டவணை இருக்கிறது என்று சொல்பவருக்கும் சிறை, பொய் சொன்னதற்காக.

தக்கோராடி நகரில், துறைமுகச் சாலை வளைவில், அராபா குவாய்சன் குளிர்மீன் கடை வைத்திருந்தாள். கானாங்கெளுத்தி, சூரை, கோழிக்கால், வான்கோழி வால் என்று வகைக்கொன்றாக உறைபெட்டிகள் சுவரோரம் படுத்திருந்தன. புருஷன் போன பிறகு அவளுக்கு மிஞ்சிய சொந்தம் அவைதாம். அவை முனகிக்கொண்டிருந்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். முனகல் நின்றால், தொட்டிலில் குழந்தை அரவம் அடங்கியதும் திடுக்கிட்டு விழிக்கும் தாய்போல எழுந்து உட்கார்ந்துவிடுவாள். பெட்டி நிறைய மீன் இருக்கும் நாளில் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நீண்ட ஓய்வு வந்தால் போதும், கடையை இழுத்து மூட வேண்டியதுதான். அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

ஆனால் அவள் கடை மீன் நாறியதே இல்லை. அதற்குக் காரணம் எதிர்வீட்டு பென்ட்சில்.

திரு. பென்ட்சில் ஒளி ஓய்வுத் துறையின் துணை இயக்குநர். அந்த வட்டாரத்திலேயே அட்டவணை தெரிந்த ஒரே மனிதர். அப்பழுக்கற்ற ஊழியர். தூக்கத்தில் எதையாவது உளறிவிடுவோமோ என்று பயந்து, மனைவியை அடுத்த அறையில் படுக்கச் சொன்னவர். ஆனால் அவர் மிஷன் பள்ளியில் படித்தவரும்கூட. கசங்கிய சட்டையோடு அலுவலகம் போவதைவிட அலுவலகம் இல்லாமல் போவது மேல் என்பது அவர் கொள்கை. தினமும் காலையில் தம் கையாலேயே சட்டையைத் தேய்ப்பார். மறுநாள் காலை கரண்ட் இருக்காது என்றால் முந்தின மாலையே தேய்த்து, வராந்தாவில் ஹேங்கரில் மாட்டிவிடுவார். ஓய்வு நீளும் என்றால் மற்ற உருப்படிகளையும் சேர்த்து மாட்டுவார்.

சாலைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அதை முதலில் கண்டுகொண்டவள் அராபா. இரண்டாவது ஆள், பக்கத்தில் கென்கே என்னும் சோளமாவு உருண்டை விற்கும் எஃபுவா. எஃபுவாவுக்குத் தெரிந்தபின் மூன்றாவது நான்காவது என்று எண்ணுவதில் பொருளில்லை.

"சிஸ்டர், தொங்குதா?"

"தொங்குது. வெறும் சட்டைதான். மத்தியானம் கரண்ட் வந்துரும்."

"கால்சட்டை?"

"இல்ல. கால்சட்டையும் சேர்ந்தா நாள் பூரா. டையும் தொங்குச்சுன்னா நாலு நாளைக்கு நான் மீனே எடுக்க மாட்டேன், தாயே."

மாலையானால் அந்த வளைவில் அன்பு பெருகும். எங்கெங்கோ இருந்து ஆட்கள் வந்து அராபாவிடம் நலம் விசாரிப்பார்கள், அவள் முகத்தைப் பார்க்காமல், வராந்தாவைப் பார்த்தபடியே. அரவை மில்காரர் வருவார், முடிதிருத்துபவர் வருவார். பெரிய ஒலிபெருக்கி வைத்திருந்த ஜெபக்கூடத்துப் பாஸ்டர் சட்டையைப் பார்த்துவிட்டுத்தான் அற்புதங்களுக்குத் தேதி குறிப்பார். பென்ட்சில் வெளியே வந்து, "என்ன, இந்த ஊர் ஜனங்களுக்கு இவ்வளவு பாசம்!" என்று நெகிழ்ந்து கையசைப்பார். அவர்களும் அசைப்பார்கள். ஒருவரும் அவரிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பூட்டும் முத்திரையும் வைத்து அரசாங்கத்தால் காக்க முடியாத ரகசியத்தை, வாயாடிகள் நிறைந்த ஒரு பேட்டை பூட்டில்லாமலே காத்துவந்தது.

கேடு தலைநகர் அக்ராவிலிருந்து வந்தது. அங்கே ஒரு செய்தித்தாள், 'ஒளி ஓய்வின்போது தக்கோராடி மக்கள் மட்டும் அரசைத் திட்டுவதில்லை' என்று வியந்து எழுதியது. துறை நடுங்கிவிட்டது. திட்டாத குடிமகனைவிட ஆபத்தானவன் யார்? அவனுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது! ரகசியம் கசிந்திருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார்கள். நாடு இரண்டாகப் பிரிந்தது. கசியவிட்டவன் துரோகி என்றது ஒரு பாதி, தியாகி என்றது மறு பாதி. கசிந்தது என்ன என்று எவரும் சொல்லவில்லை, சொன்னால் சிறை. ஆகவே வானொலியில் காலை முதல் மாலை வரை, அது இன்னதென்று சொல்லாமலே, அதைச் சொன்னது சரியா தவறா என்று வாதாடினார்கள்.

துணி வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? துரோகி கட்சிக்குப் பூட்டுப் படம் போட்ட துணி, தியாகி கட்சிக்குச் சொட்டும் குழாய் போட்ட துணி. கணவன் பூட்டிலும் மனைவி குழாயிலுமாக ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போவது நாகரிகமாயிற்று. வசதியுள்ளவர்கள் பூட்டைச் சட்டையாகவும் குழாயைக் கைக்குட்டையாகவும் வைத்துக்கொண்டு இரண்டு தரப்பையும் மதித்தார்கள். எஃபுவாகூட குழாய்த் துணியில் ஒரு தலைக்கட்டு வாங்கினாள்.

"உனக்கு எதுக்குடி இது?" என்றாள் அராபா.

"எல்லாரும் கட்டுறாங்க. நான் மட்டும் கருத்தில்லாதவளா திரியணுமா?"

குழாய்க் கட்சியின் முழங்கும் குரல் குவேசி அபாக்கா. வானொலிக்குத் தினமும் போன் போட்டுப் பேசுவதே அவன் தொழில். 'உண்மையின் சுத்தியல்' என்பது அவன் வானொலிப் பெயர். வேறு வேலை இருந்ததாகத் தெரியவில்லை. அராபாவின் கடை வாசலில் உட்கார்ந்துதான் பேசுவான்.

"தம்பி, நீ என்ன வேணா பேசு. எதிர்வீட்டு சமாச்சாரம் மட்டும் வாயில வந்துரக் கூடாது," என்று அவள் நாள் தவறாமல் சொல்லிவைப்பாள்.

"சிஸ்டர், என்ன பேச்சு இது? நான் பேசுறது கொள்கை. விவரத்துக்கெல்லாம் நான் போறதே இல்ல."

விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. கசிந்தது அசல் அட்டவணைதானா என்று பார்த்துச் சொல்ல அட்டவணை தெரிந்தவர் வேண்டுமே. ஆகவே குழுவின் தலைவராகத் திரு. பென்ட்சில் நியமிக்கப்பட்டார். அவர் விறைப்பான சட்டையோடு சாலையைக் கடந்து வந்து, அராபா போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில், மடிப்புக் கலையாதபடி நுனியில் உட்கார்ந்தார்.

"மேடம் குவாய்சன், நான் அரசின் சார்பாகக் கேட்கிறேன். ஒளி ஓய்வு வர்ற நாள்ல நீங்க மீன் வாங்குறதில்ல. எப்படித் தெரியுது?"

"மூட்டு வலிக்கும், ஐயா."

"மூட்டா?"

"இடது மூட்டு வலிச்சா அரை நாள். ரெண்டும் வலிச்சா முழு நாள்."

அவர் சிரிக்கவில்லை. முகம் வாடியிருந்தது. குரலைத் தாழ்த்தினார். "மேடம், இதுல நான் ஆளைக் கண்டுபிடிக்கலன்னா, கசிஞ்சது என்கிட்ட இருந்துதான்னு எழுதிருவாங்க. வீட்டைக் காலி பண்ணச் சொல்லுவாங்க. ஒரே ஒண்ணு சொல்லுங்க. என் வீட்டுல இருந்து யாராவது எதாவது பேசினாங்களா? என் சம்சாரம்? வேலைக்காரப் பொண்ணு?"

அராபா அவர் சட்டையைப் பார்த்தாள். காலரின் ஓரத்தில் இஸ்திரிப் பெட்டி சற்று அதிகமாக நின்ற பழுப்புத் தடம் ஒன்று தெரிந்தது. அவருக்கே தெரியாமல் இவ்வளவு பேருக்குச் சோறு போட்ட சட்டை.

"சத்தியமா சொல்றேன் ஐயா. உங்க வீட்டுல இருந்து ஒரு சொல்லு வெளிய வரல."

"கடவுள் உங்களை ஆசீர்வதிப்பார்," என்று எழுந்து, ஆறுதலோடு வீட்டுக்குப் போனார். போய், மறுநாளுக்காகச் சட்டையைத் தேய்த்து மாட்டினார். அராபா ஐஸ் கட்டிகளை அடுக்கத் தொடங்கினாள்.

கடைசியில் துறையே முன்வந்து நகர மன்றத்தில் பொது விவாதம் ஒன்றை ஏற்பாடு செய்தது. தலைப்பு: 'கசிவு: தேசத்துரோகமா, தேசத்தொண்டா?' அக்ராவிலிருந்து தலைமை இயக்குநர் ஒருவர் வந்திருந்தார். ஒரு சட்டப் பேராசிரியர், ஒரு பேராயர், மேடையோரத்தில் திரு. பென்ட்சில். முந்தின மாலை வராந்தா வெறுமையாக இருந்தது. அந்தத் தைரியத்தில் அராபா துறைமுகத்தில் பெரிய சரக்காக எடுத்து எல்லாப் பெட்டிகளையும் நிரப்பிவிட்டு, கடையைப் பூட்டிக்கொண்டு எஃபுவாவோடு வந்து உட்கார்ந்தாள். மத்தியான வெயில். கூரையில் மின்விசிறிகள் பூட்டுத் துணிக்கும் குழாய்த் துணிக்கும் பேதம் பாராமல் காற்று வீசின.

பேராசிரியர், ரகசியம் என்பதும் ஒரு வகையில் தகவலே என்றார். பேராயர், ஆதாம் காலத்திலேயே கசிவு தொடங்கிவிட்டது என்றார். பிறகு, அராபாவுக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த உண்மையின் சுத்தியல் எழுந்தது.

"நண்பர்களே! உண்மையை எந்தப் பெட்டியிலயும் பூட்ட முடியாது! கசிவு குற்றம்னா யாரைக் கைது பண்ணுவீங்க? காற்றையா? கடலையா?"

கைதட்டல் கூரையைத் தூக்கியது. கைதட்டல் கேட்டால் அபாக்காவுக்குக் கால் தரையில் நிற்காது. அராபா பின்னாலிருந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் அதை உற்சாகமூட்டல் என்று எடுத்துக்கொண்டான்.

"சொல்லுங்க! யாரைக் கைது பண்ணுவீங்க? திரு. பென்ட்சில் வராந்தாவுல சாயங்காலம் தொங்குதே, அந்தச் சட்டையையா? கால்சட்டை தொங்கினா முழுநாள்னு எங்க ஊர்க் குழந்தைக்குக்கூடத் தெரியும்! அந்தக் கால்சட்டையைக் கூண்டுல ஏத்துவீங்களா?"

அபாக்கா தன் வாக்கியத்தின் அழகில் லயித்து, ஏன் யாரும் கைதட்டவில்லை என்று திரும்பிப் பார்த்தான்.

திரு. பென்ட்சில் குனிந்து தம் சட்டையைப் பார்த்தார். பொத்தான் பொத்தானாகப் பார்த்தார்.

"அப்போ," என்றார் மெதுவாக, "சாயங்காலம் எல்லாரும் வந்து நின்னது..."

அராபா மடியைப் பார்த்துக்கொண்டாள்.

தலைமை இயக்குநர் வெளியே போய்ப் போனில் யாருடனோ நெடுநேரம் பேசினார். திரும்பி வந்தபோது முகம் மலர்ந்திருந்தது.

"மக்களின் குரல் அரசின் காதில் விழுந்துவிட்டது. அமைச்சருக்கும் அதிகாரிக்கும் மட்டும் தெரிந்து, வரி கொடுக்கும் குடிமகனுக்குத் தெரியாத ஒரு தகவல் ஜனநாயகத்தில் இருக்கலாமா? கூடாது. எனவே இந்த நிமிடம் முதல் அட்டவணை ஒழிக்கப்படுகிறது. ஓய்வு தானாக வரும். எப்போது வரும் என்று எனக்கும் தெரியாது, அமைச்சருக்கும் தெரியாது. அவருக்கு எந்த நொடியில் தெரிகிறதோ, அதே நொடியில் உங்களுக்கும் தெரியும். இனி ரகசியமே இல்லை!"

"அமைச்சர் வீட்டு ஃபிரிட்ஜும் நிக்குமா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"சொல்லாமலே நிற்கும்!"

"அவர் வீட்டு மீனும் நாறுமா?"

"சமமாக நாறும்!"

மன்றம் குலுங்கியது. இவ்வளவு நாளாக ஓர் ஆளின் வராந்தாவைக் கோழிபோலக் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோமே என்ற அவமானம் எல்லோர் நெஞ்சிலும் ஒரே சமயத்தில் கொதித்தது. அந்தச் சட்டையால் பிழைத்தவர்களே அதிகம் கொதித்தார்கள். அரவை மில்காரர், "நமக்கு முன்னாடியே அவருக்குத் தெரிஞ்சிருக்கு பாருங்க!" என்று பல்லைக் கடித்தார். ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள் என்றார் தலைமை இயக்குநர். பூட்டுகளும் குழாய்களும் ஒன்றாக உயர்ந்தன. பேராசிரியர் இரண்டு கையையும் தூக்கினார். திரு. பென்ட்சிலும் தூக்கினார், எது ஒழிந்தாலும் அவருக்கு வீடு தப்பியது.

அராபா தன் கையைப் பார்த்தாள். அமைச்சர் மனைவி மூக்கைப் பிடித்துக்கொண்டு உறைபெட்டியைத் திறக்கும் காட்சி மனக்கண்ணில் தெளிவாக வந்தது. அவள் கையும் உயர்ந்துதான் இருந்தது.

அந்தக் கைகள் இறங்குமுன் விசிறிகள் தளர்ந்தன, ஒரு சுற்று, இன்னொரு சுற்று, பிறகு நின்றன. ஒலிவாங்கி செத்தது.

"பாருங்கள்! எனக்கும் தெரியாது!" என்று தலைமை இயக்குநர் தொண்டை கிழியக் கத்தினார். அப்படியொரு கைதட்டலை அந்த மன்றம் கேட்டதில்லை.

சாலை வளைவில், பூட்டிய கடைக்குள், முனகல் நின்றிருக்கும். அராபா எழுந்து வாசலை நோக்கி ஓர் அடி வைத்தாள். அதற்குள் பேராயர் தேசிய கீதத்தைத் தொடங்கிவிட்டார்.

"சிஸ்டர், எங்க போறீங்க?" என்று அபாக்கா அவள் முழங்கையைப் பற்றினான். அவன் கண்களில் நீர் நிரம்பியிருந்தது. "இந்த நேரத்துல அசையக் கூடாது. நாம ஜெயிச்சுட்டோம்."

அவள் நேராக நின்றாள். அந்த வெக்கையில் எல்லோரும் பாடினார்கள். மெல்ல அவளும் சேர்ந்துகொண்டாள். அந்தக் கீதத்தில் எத்தனை சரணங்கள் இருக்கின்றன என்பது அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.