செத்த பாட்டிலுக்கு நாடி பார்த்தவர்

நவம்பர் பிறந்துவிட்டால் பிரான்சில் எங்கள் பர்கண்டிக்குப் பித்துப் பிடித்துவிடும். பழைய சிவப்பு ஒயின் ஏலம்! பாரிசிலிருந்து வருகிறார்கள், ஜெனீவாவிலிருந்து வருகிறார்கள். இந்த ஆண்டு அவர்கள் வந்தது ஒயினைப் பார்க்க அல்ல, பெர்த்ரானைப் பார்க்க.

பெர்த்ரான் பாட்டிலுக்கு நாடி பார்ப்பவர். மூடிய பாட்டிலுக்கு மேலே நூலில் கட்டிய பித்தளைக் குண்டைத் தொங்கவிடுவார். குண்டு வட்டமாகச் சுற்றினால் உள்ளே ஒயின் உயிரோடு இருக்கிறது. முன்னும் பின்னும் ஆடினால் செத்துவிட்டது. ஏதோ பாழடைந்த மடத்து ஒயின் நிலவறைச் சாவியை உருக்கிச் செய்த குண்டாம். சாவிக்குத் தெரியாதா சரக்கின் கதை!

தொழில் என்றால் இதுவல்லவா தொழில்! அரை நூற்றாண்டு நிலவறையில் கிடந்த பாட்டிலை எவனும் திறந்து பார்க்க மாட்டான். திறந்தால் விற்க முடியாது. திறக்காதவரை பெர்த்ரான் சொன்னதே வேதம். சொர்க்கத்துக்கு வழி சொல்கிறவர்களுக்கு உள்ள அதே வசதி.

முன்வரிசையில் யார் தெரியுமா? தோட்டத்தில் திராட்சைக் கொடி வெட்டுகிறவர்களுக்கு அன்று வேலை இருந்தது, அவர்கள் வரவில்லை. இதய மருத்துவர் ஒருவர், வங்கிக்காரர்கள், ஓய்வுபெற்ற நீதிபதி துவால். ஆயுள் முழுக்கச் சாட்சி கேட்டுத் தீர்ப்புச் சொன்ன துவால், குண்டு ஆடியதும் வாயைப் பிளந்தார்.

அன்று காலை ஒரேலியின் பாட்டில்கள் மேசைக்கு வந்தன. ஒரேலி கால்நடை டாக்டர். அத்தை விட்டுப்போன ஒயின் அது. அதை விற்றுத்தான் பண்ணைக்கே தூக்கிப்போகிற எக்ஸ்-ரே இயந்திரம் வாங்க வேண்டும். அது இல்லாததால், காலொடிந்த உழவுக் குதிரையைத் திஜோன் நகரம் வரை வண்டியில் ஏற்றிப் போகிறார்கள். பல குதிரைகள் திரும்புவதில்லை.

குண்டு முன்னும் பின்னும் ஆடியது.

"போச்சும்மா," என்றார் பெர்த்ரான், துக்க வீட்டுக் குரலில். "அத்தனையும் செத்துப் போச்சு."

"எப்படிங்க? கழுத்து வரைக்கும் ஒயின் நிக்குது. தக்கை காயல. நிலவறைய விட்டு வெளிய வந்ததே இல்ல."

"பொணம்கூடத்தான் பாக்க லட்சணமா இருக்கும்."

கூட்டம் சிரித்துவிட்டு நகர்ந்தது. மார்சோ மட்டும் நின்றார். பெர்த்ரானின் மைத்துனர். "நான் வேணா எடுத்துக்கறேன் டாக்டரம்மா. வினிகராவது போட்டுக்கறேன்."

போன ஆண்டும் செத்த பாட்டில்களையெல்லாம் அடிமாட்டு விலைக்கு வாங்கியவர் இவர்தான். அவ்வளவு வினிகரை ஊற்றித் தின்னக் கீரை பர்கண்டியில் முளைக்கவில்லை.

ஏலம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. எங்கள் ஊரில் பாலாடைக்கட்டி வரும்வரை யாரும் பந்தியைவிட்டு எழுந்திருக்க மாட்டார்கள். ஒரேலி சாப்பிடவில்லை. தன் காருக்குப் போய்விட்டு வந்தாள்.

கூட்டம் திரும்பியதும், "சாக்ஸ் ஆட்டம் ஆடலாமா?" என்றாள். பாட்டிலைச் சாக்ஸுக்குள் ஒளித்து, உள்ளே எது என்று கண்டுபிடிப்பது எங்கள் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு. வயிறு நிறைந்த கூட்டம் கைதட்டியது.

"குண்டுக்குக் கம்பளி ஆகாது," என்றார் பெர்த்ரான்.

"கண்ணாடி, தக்கை, மெழுகு எல்லாத்தையும் தாண்டிப் போகுதே பெரியவரே, சாக்ஸ்ல மாட்டிக்குமா?"

"சும்மா காட்டுங்க! நாங்கல்லாம் இருக்கோம்ல?" என்றார் நீதிபதி. பக்தன் தந்த ஆதரவு, பெர்த்ரானுக்குத் தப்பிக்க வழியில்லை.

சாம்பல் சாக்ஸ் வந்தது. "செத்துப் போச்சு." ஒரேலி அதைத் திரைக்குப் பின்னால் கொண்டுபோனாள். சிவப்புச் சாக்ஸ் வந்தது. "உயிரோட இருக்கு. இன்னும் முப்பது வருசம் தாங்கும்." அடுத்தது முயல் படம் போட்ட சாக்ஸ். குண்டு சுழன்ற வேகத்தில் பெர்த்ரானுக்கே தலை சுற்றியது. "ராஜ வம்சம்யா!"

"எனக்கு! எனக்கு!" என்று நீதிபதி எழுந்தார்.

ஒரேலி தக்கையைப் பிடுங்கிக் கோப்பையில் ஊற்றினாள். நீதிபதி மூக்கை உள்ளே விட்டார். "ஆகா... மழை பெஞ்ச காடு!" ஒரு வாய் உறிஞ்சிக் கண்ணை மூடினார். "வயசு பேசுதுய்யா!"

"போன வாரம் வாங்கினதுங்க. கன்னுக்குட்டிக்குக் குடுக்கிற பசி டானிக், காலி ஒயின் பாட்டில்ல ஊத்தினது."

நீதிபதி கோப்பையைத் தூரத் தள்ளி வைத்தார்.

"பயப்படாதீங்க, ஒண்ணும் பண்ணாது. ராத்திரி நல்லாப் பசிக்கும்."

"அப்போ மத்த ரெண்டு பாட்டில்?" என்றது ஒரு குரல்.

"ஏது ரெண்டு? பாட்டில் ஒண்ணுதான். சாக்ஸ்தான் மூணு."

கூடம் அதிர்ந்து சிரித்தது. "டானிக்கும் ஒரு வகையில உயிருள்ளதுதானே..." என்று இழுத்தார் பெர்த்ரான்.

"அப்போ மொதல்ல ஏன் செத்துச்சு? திரைக்குப் பின்னால போய் உயிர்த்தெழுந்துச்சா?" என்றாள் ஒரேலி.

எல்லாரும் மார்சோவைத் திரும்பிப் பார்த்தார்கள். வினிகர்க்காரர் வாசலருகே கோட்டைத் தேடிக்கொண்டிருந்தார்.

ஏலம் விடும் மதாம் கிவ்ரி தொண்டையைச் செருமினார். "சரிம்மா, உங்க ஒயின் நல்லா இருக்குமா? நீங்களே சொல்லுங்க."

அத்தனை கண்களும் ஒரேலிமேல். பழைய சாமியாரின் நாற்காலி சூடு ஆறுவதற்குள் புதுச் சாமியார் வேண்டும் இவர்களுக்கு.

"தெரியாது," என்றாள் ஒரேலி. "அதுக்குத்தான் ஒண்ணைத் திறக்கப் போறேன்."

திறந்தாள். ஆளுக்கொரு மடக்கு. யாரும் காடு, மழை என்று உளறவில்லை. பேசாமல் கோப்பையை மறுபடி நீட்டினார்கள்.

"ஒண்ணு நல்லா இருந்தா எல்லாமே நல்லா இருக்கும்னு நான் சொல்லல. குண்ட விட இது மேல், அவ்வளவுதான்."

மிச்சப் பாட்டில்களுக்கு அடிபிடிப் போட்டி. இயந்திரம் வந்துவிடும், குதிரைகள் பிழைத்தன.

மனிதர்கள்? ஏலம் கலைந்தபோது இதய மருத்துவர் பெர்த்ரானை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய்க் கிசுகிசுத்தார். "எனக்கு முட்டி வலிங்க. குண்டு அதுக்குக் கேக்குமா?"

பாட்டில் தக்கையைப் பிடுங்க ஒரு திருகி போதும். மண்டைக்குள் அடைத்திருக்கும் தக்கையை வெளியிலிருந்து எவராலும் பிடுங்க முடியாது. உள்ளே இருப்பவர்தான் தள்ள வேண்டும். தள்ளுங்கள்.