பதினெட்டு அங்குலச் சலுகை

தங்களுக்குப் பிறவியிலேயே சலுகை இருந்துவந்திருக்கிறது என்பதை மாதாமாதம் முதல் செவ்வாய்க்கிழமை, மாலை நான்கு மணி முதல் ஆறு மணி வரை ஒப்புக்கொள்வது என்று மினசோட்டா மாநிலத்து ஸ்டாவ்லண்ட் நகராட்சியின் வெள்ளைக்காரர்கள் ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். எதிர்த்து ஒரு ஓட்டுகூட விழவில்லை. ஒருவர் மட்டும் நாலரைக்கு வைத்துக்கொண்டால் தேவலை என்று திருத்தம் கொண்டுவந்தார். அப்படிக் கேட்பதே ஒரு சலுகைதான் என்று உடனே உறைத்ததால் கண்கலங்கி வாபஸ் வாங்கிக்கொண்டார்.

'இனம் குறித்து மனம்விட்டுப் பேசும் நிலைக்குழு' என்று நாமகரணமும் ஆயிற்று. உறுப்பினர்கள் பதினோரு பேர். அதில் பத்துப் பேர் வெள்ளைக்காரர்கள். பத்து வெள்ளைக்காரர்கள் தங்களுக்குள்ளேயே இனத்தைப் பற்றிப் பேசிக்கொண்டால் நன்றாகவா இருக்கும்? ஆகவே லவெர்ன் பெட்டிவேயை அழைத்தார்கள். லவெர்ன் கறுப்பினத்துப் பெண், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். அவள் வாயைத் திறந்தால் ஹாரனுக்கு வேலையில்லை.

அவள் சேர்ந்ததற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான், அவளுடைய வீட்டு பேஸ்மென்ட். அங்கே முடி பின்னிவிடும் பார்லர் ஒன்று திறக்க வேண்டுமென்று ரொம்ப நாள் ஆசை. இரண்டு சுழல் நாற்காலி வாங்கிப் போட்டாயிற்று, சுவரில் கண்ணாடி மாட்டியாயிற்று, லைசென்ஸ் இன்ஸ்பெக்டர் ஜூன் இருபத்தெட்டாம் தேதி வருவதாகக் கடிதமும் வந்தாயிற்று. ஆனால் நாலு தூறல் விழுந்தால் போதும், கார்ட்டர் தெருத் தண்ணீர் முழுவதும் படியிறங்கி வந்து, கணுக்கால் அளவுக்கு நின்றுகொண்டு கண்ணாடியில் முகம் பார்க்கும். மழைநீர்க் குழாய் பிர்ச் தெரு முனையோடு நின்றுபோயிருந்தது. அதற்கு அப்பால்தான் கறுப்பினத்தவர்கள் குடியிருக்கும் கார்ட்டர் தெரு. எட்டு வருஷமாக மனுக் கொடுத்து அவளுக்குக் கை வலித்ததுதான் மிச்சம்.

முதல் கூட்டத்தில் யார் முதலில் பேசுவது என்பதிலேயே இருபத்தைந்து நிமிஷம் போயிற்று. "நீங்க பேசுங்க", "ஐயோ, நீங்க பேசுங்க" என்று பத்துப் பேரும் ஒருவரையொருவர் உபசரித்தார்கள். அந்த ஊரில் நாற்சந்தியில் நாலு கார் வந்து நின்றாலும் இதே கதிதான், கையைக் காட்டிக்கொண்டே கிடப்பார்கள். கடைசியில் நூலகத்து மார்லிஸ் எங்கப்ரெட்சன் எழுந்தாள்.

"எந்தக் கடைக்குப் போனாலும் என் பின்னாடி ஒரு காவலாளிகூட வந்ததில்லைங்க. ஒருத்தன்கூட!" என்று சொல்லித் தேம்பித் தேம்பி அழுதாள்.

நகராட்சி இன்ஜினியர் கிப் லுண்டீன் விடுவானா? "இதென்ன பெரிசு? நான் கண்ணுமண்ணு தெரியாம வண்டி ஓட்டினப்ப போலீஸ்காரர் நிறுத்தி, வழி தெரியலையான்னு கேட்டு, எனக்கு முன்னாடி வண்டிய ஓட்டிக்கிட்டு வீடு வரைக்கும் வந்து விட்டுட்டுப் போனாரு" என்றான். அறையே ஆவென்றது. மார்லிஸின் முகம் சுருங்கிவிட்டது. அடுத்த மாதம் இதைவிடப் பெரிய சலுகையாகப் பார்த்துக் கொண்டுவர வேண்டும் என்று அவள் முடிவு கட்டியது முகத்திலேயே தெரிந்தது.

லவெர்ன் பக்கத்திலிருந்தவர்களுக்கு முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டே அஜெண்டாவைப் பார்த்தாள். ஒன்று முதல் எட்டு வரை ஒப்புக்கொள்ளுதல், ஒன்பதாவது வடிகால். மணி ஆறு அடித்தது, கூட்டம் கலைந்தது.

மூன்றாவது கூட்டத்தில் அவள் பொறுமை இழந்து எழுந்துவிட்டாள்.

"சேர்மன் ஐயா, மனம்விட்டுத்தானே பேசணும்? பேசிடறேன். உங்க சலுகை எங்க இருக்குன்னு மனசுக்குள்ள தேடாதீங்க. பிர்ச் தெருவுக்கு அடியில இருக்கு. பதினெட்டு அங்குல அகலம், காங்கிரீட்டு. உங்க வீட்டு வாசல் வரைக்கும் வருது, எங்க தெருவைப் பார்த்ததும் நின்னுபோச்சு. அதை இந்தப் பக்கம் நீட்டி விடுங்க, என் பேஸ்மென்ட் காய்ஞ்சுடும்!"

அப்புறம் பாருங்கள், பத்துப் பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். மார்லிஸ் 'சலுகை பிர்ச் தெருவுக்கு அடியில்' என்று நோட்டில் எழுதி இரண்டு கோடு போட்டாள்.

"பகிர்ந்துகிட்டதுக்கு ரொம்ப நன்றிம்மா. உள்ளுக்குள்ள என்னமோ பண்ணுது" என்றார் சேர்மன் கார்டன் ட்வைட்.

"குழாய் போடுவீங்களா?"

"அவசரப்படக் கூடாதும்மா. உடனே தீர்வுக்குத் தாவறது, குற்ற உணர்ச்சியிலேர்ந்து தப்பிக்கிற தந்திரம். நாங்க முதல்ல இந்த வலியிலேயே கொஞ்சநாள் உட்கார்ந்திருக்கணும்."

"நீங்க வலியில உட்காருங்க ஐயா. நான் தண்ணியில இல்ல உட்கார்ந்திருக்கேன்!"

அதற்கும் கைதட்டினார்கள். 'உறுப்பினர் பெட்டிவே அவர்களின் அனுபவம் கேட்கப்பட்டது. கேட்கப்பட்டது என்பது பதிவு செய்யப்பட்டது. பதிவு செய்யப்பட்டமைக்குக் குழு தன் வருத்தம் கலந்த மகிழ்ச்சியைத் தெரிவித்துக்கொள்கிறது' என்று மினிட்ஸ் புத்தகத்தில் ஏறிற்று. வாய் சர்க்கரை, கை கருணைக்கிழங்கு என்பார்களே, அது இவர்களைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

நகராட்சி சும்மா இருந்தது என்று சொன்னால் பாவம். நாலே நாளில் கார்ட்டர் தெருவுக்கு லாரி வந்தது, ஆள் வந்தது, குழி தோண்டும் இயந்திரமும் வந்தது. லவெர்ன் செருப்புகூடப் போடாமல் ஓடிவந்தாள். குழி தோண்டினார்கள், சிமென்ட் ஊற்றினார்கள், ஒரு வெண்கலப் பலகையை நட்டுவிட்டுப் போய்விட்டார்கள். 'இவ்விடத்தில் தண்ணீர் தேங்குவதை ஸ்டாவ்லண்ட் நகராட்சி ஆழ்ந்த வருத்தத்துடன் ஒப்புக்கொள்கிறது' என்று அதில் பொறித்திருந்தது.

எதிர்வீட்டு ராய்ஸ் வேலியில் சாய்ந்துகொண்டு அதைச் சத்தமாகப் படித்தான்.

"பரவால்ல தங்கச்சி. இத்தனை வருஷம் தண்ணி சும்மா தேங்குச்சு. இனிமே மரியாதையா தேங்கும்."

"வாயை மூடுடா, எரியற நெருப்புல எண்ணெய் ஊத்தாதே!" என்றாள் லவெர்ன். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இன்ஸ்பெக்டர் வர ஐம்பது நாள்தான் இருந்தது.

மறுநாள் நேரே இன்ஜினியர் ஆபீசுக்குப் போனாள்.

"கிப் தம்பி, சுத்தி வளைக்காம சொல்லு. இந்த வேலைக்கு என்ன குறைச்சல்?"

"ஒரு குறைச்சலும் இல்லீங்க. பிளான் ரெடி. குழாயெல்லாம் யார்டுல அடுக்கியிருக்கு. குழுவுல யாராவது ஒருத்தர் இந்த ஆர்டர்ல கையெழுத்துப் போட்டாப் போதும்."

"யாராவது ஒருத்தரா? அப்ப நீ போடேன்!"

கிப் பதறிப்போனான். "நானா? ஒரு வெள்ளைக்காரன் தனியா உட்கார்ந்து உங்க தெருவோட தலையெழுத்தை முடிவு பண்றதா? நூறு வருஷமா நாங்க பண்ணின தப்பே அதுதானே! இதைப்பத்தி மூணு புத்தகம் படிச்சிருக்கேன்."

"மார்லிஸ்?"

"அவங்க ஏழு படிச்சிருக்காங்க."

"சரி, நானும் உறுப்பினர்தானே? கொடு பேனாவை, நான் போடறேன்."

கிப் தாளை மார்போடு அணைத்துக்கொண்டான். "அதுவும் பேசி முடிச்சாச்சுங்க. எங்க தப்பைச் சரிபண்ற பாரத்தை உங்க தலையிலேயே சுமத்தறது பெரிய அநியாயம். உங்களைக் கஷ்டப்படுத்தக் கூடாதுன்னுதான் இதை உங்ககிட்ட சொல்லவே இல்லை."

வெள்ளைக்காரர் போட்டால் ஆதிக்கம், கறுப்பினத்தவர் போட்டால் சுமை. இரண்டிலும் சேராத ஒரு மனிதரைத் தேடிக் கண்டுபிடிக்கத் துணைக்குழு ஒன்று அமைத்திருப்பதாகவும், அது ஆறு மாதத்தில் இடைக்கால அறிக்கை தரும் என்றும் கிப் சொன்னான். லவெர்ன் அவனை மேலும் கீழும் பார்த்தாள். நல்ல பையன், மனசில் ஒரு துளி விஷம் கிடையாது. அதுதான் அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கெட்டவனாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டாவது போகலாம்.

ஜூன் மாதக் கூட்டம் வந்தது. மேஜை நடுவில் மார்லிஸ் சுட்டுக்கொண்டுவந்த எலுமிச்சை கேக் தட்டு இருந்தது. கடைசித் துண்டு ஒன்று மிச்சம். அந்த ஊரில் கடைசித் துண்டை எடுத்துத் தின்றவன் ஜென்மத்துக்கும் தலைநிமிர முடியாது. ஆகவே கார்டன் அதைப் பாதியாக வெட்டிப் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார். மார்லிஸ் அந்தப் பாதியில் பாதி. கிப் அதிலும் பாதி. தட்டு சுற்றிச் சுற்றி வந்தது. ஐந்து மணிக்குள் கடுகளவுதான் மிச்சமிருந்தது. ஆனால் தின்றவர் என்று எவரையும் விரல் நீட்டிச் சொல்ல முடியாது.

லவெர்னுக்குப் பளிச்சென்று விஷயம் விளங்கிவிட்டது. 'இத்தனை காலம் இந்த ஊரில் குடியிருந்து எனக்கு ஏன் தோன்றவில்லை!' என்று தலையில் அடித்துக்கொள்ளாத குறை. கிப்பின் ஃபைலிலிருந்து குழாய் ஆர்டரை உருவி மேஜை மேல் வைத்தாள்.

"சேர்மன் ஐயா, இந்த ஆர்டர்ல யாரும் கையெழுத்துப் போட வேணாம். ஆளுக்கு ஒரு சின்னக் கோடு மட்டும் இழுங்க. முழுசா யாரும் முடிவு பண்ணலை, பாருங்க."

"ஒரு கோடுன்னா… அது முடிவு ஆகாதில்ல?" என்று கேட்டார் கார்டன்.

"எப்படி ஆகும்? ஒரு கோடுதானே!"

தாள் சுற்றி வந்தது. கார்டன் அரை அங்குலம் இழுத்தார். மார்லிஸ் அதைவிடச் சின்னதாக இழுத்துவிட்டு, பெரிதாகிவிட்டதோ என்று வருந்தினாள். பத்துக் கோடு விழுந்ததும் லவெர்ன் கடைசியில் ஒரு புள்ளி வைத்தாள். கோழி கிளறின மாதிரி இருந்தது. ஆனால் நகராட்சிச் சரித்திரத்தில் அதைவிட மோசமான கையெழுத்தெல்லாம் செல்லுபடியாகியிருக்கிறது.

பன்னிரண்டாம் நாள் குழாய் வந்து சேர்ந்தது. மனுவில் கண்ட முகவரி வரை என்பது விதி, ஆகவே தெருவின் கடைசி வீடான லவெர்னின் வாசலோடு சரியாக முடிந்தது. இருபத்தேழாம் தேதி ராத்திரி பூராவும் கொட்டோ கொட்டென்று கொட்டிற்று. விடிந்ததும் அவள் பேஸ்மென்ட்டில் இறங்கித் தரையைக் கையால் தடவிப் பார்த்தாள். எலும்பு போலக் காய்ந்திருந்தது. இன்ஸ்பெக்டர் வந்தார், சுவரைத் தட்டினார், லைசென்ஸைக் கொடுத்துவிட்டுப் போனார். ராய்ஸ்கூட, "நான்தான் தங்கச்சி அன்னிக்கே சொன்னேனே!" என்று வெட்கமில்லாமல் உரிமை கொண்டாடினான். லவெர்ன் சிரித்த சிரிப்பு பிர்ச் தெரு வரை கேட்டது.

அன்று மத்தியானம் பார்லருக்கு முதல் ஆளாக ஒரு பெண் படியிறங்கி வந்தாள். பின்னால் உள்ள சந்தில் குடியிருக்கும் மாய் வாங், லாவோஸிலிருந்து வந்த மோங் குடும்பத்துப் பெண். முழங்கால் வரைக்கும் சேறு.

"அக்கா, உங்க குழாய் உங்க வீட்டோட நின்னுபோச்சு. தண்ணி மொத்தமும் இப்ப எங்க வீட்டுக்குள்ள வருது. குழந்தைங்க கட்டில் மேல உட்கார்ந்திருக்காங்க."

லவெர்னுக்கு நெஞ்சு கரைந்துவிட்டது. பொய்யில்லை, நிஜமாகவே கரைந்துவிட்டது. மாயின் இரண்டு கைகளையும் பிடித்துச் சுழல் நாற்காலியில் உட்கார வைத்தாள். தன் தரை காய்ந்திருப்பது எப்பேர்ப்பட்ட பாக்கியம் என்று சொன்னாள். அதைத் தான் சம்பாதிக்கவில்லை, அமைந்துவிட்டது என்றாள். இதை நினைத்தால் தூக்கமே வராது என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாம் இரண்டு பேரும் இப்படி மனம்விட்டுப் பேசுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவள் ஆரம்பித்தபோது, பேச ஆரம்பித்து அரைமணி நேரம் ஆகியிருந்தது.

மாய் எழுந்துகொண்டாள்.

"பேச்செல்லாம் நல்லாத்தான் இருக்குக்கா. உங்ககிட்ட மண்வெட்டி ஒண்ணு இருக்கா?"