பதினாலு சாக்குக் கருவாடும் ஒரு பாய்மரமும்

கப்பல் கந்தோரில் வேலை செய்கிறவனுக்குக் கடல் தெரியும் என்று நினைத்து யாரும் என்னிடம் பெண் கொடுத்துவிடக் கூடாது. கொடுத்துவிட்டார்கள் என்பது வேறு கதை. கோட்டையில், சரக்கு அனுப்புகிற ஒரு கந்தோரில் ஐந்து வருடம் இருந்தபோது நான் கண்ட கடல் எல்லாம் வெள்ளவத்தை ரயிலின் யன்னலால் கண்டதுதான். அதுவும் யன்னலோரம் இடம் கிடைத்த நாட்களில். (கிடைக்காத நாட்களில் கண்டது யாரோ ஒருவருடைய அக்குளை.)

அப்படிப்பட்ட நான், இருபத்தேழு வயதில், பாய்மரத்தில் சரக்கு அனுப்புவது இன்றைக்குச் சாத்தியமா என்று இருபத்திரண்டு பக்கத்தில் ஓர் அறிக்கை எழுதினேன். சாத்தியம் என்று அடித்துச் சொன்னேன். டீசலுக்கும் பெற்றோலுக்கும் நாடே வரிசையில் நின்ற காலம் அது. வெளிநாட்டில் எங்கேயோ கோப்பிக்கொட்டையைப் பாய்க்கப்பலில் ஏற்றுகிறார்கள் என்று போனில் வாசித்துவிட்டு, "காற்றுக்கு வரிசை இல்லை" என்று முதல் வரியை எழுதியபோது எனக்கே புல்லரித்தது. மேலதிகாரி அறிக்கையின் தடிப்பைப் பார்த்தார். "கடதாசிக்கும் தட்டுப்பாடு எண்டு தெரியாதோ தம்பி?" என்று கேட்டுவிட்டுத் திருப்பித் தந்தார்.

முழுவதையும் வாசித்த ஒரே ஆள் பவித்ரா. பக்கத்து மேசை. இரண்டு வருடமாக நாங்கள் கலியாணம் கட்டுவதாக இருந்தோம். அவளுடைய அப்பா சுப்பையா முதலாளிக்கு அந்த எண்ணம் இல்லை. கொட்டாஞ்சேனையில் வீடு, புறக்கோட்டையில் கருவாடும் செத்தல் மிளகாயும் மொத்த வியாபாரம். இந்தியாவிலிருந்து பெட்டியோடு வந்த தாத்தா தொடங்கிய கடை. என்னைப் பற்றி அவர் சொன்னது ஒன்றுதான்: "பையன் நல்லவன்தான். ஆனா எதையாச்சும் ஒண்ண முழுசா முடிச்சதா தெரியலையே."

சித்திரை வருடப் பிறப்புக்கு இரண்டு கிழமை இருக்கும்போது, நீர்கொழும்பில் அவர் வாங்கிய கருவாடு அங்கேயே கிடந்தது. லொறி இருந்தது, டீசல் இல்லை.

"இதுதான் உங்களுக்கு சான்ஸ்" என்றாள் பவித்ரா. "அந்தக் காத்தை அப்பாகிட்ட கொண்டாந்து காட்டுங்க."

பவித்ராவையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். முதலாளி அறிக்கையைத் திறக்கவில்லை. கையில் வைத்து எடை பார்த்தார். (மிளகாய் வியாபாரி, பழக்கம்.)

"காத்துலயே வந்துருமா?"

"ஓம் அங்கிள். ஒரு சொட்டு டீசல் தேவையில்லை."

"எத்தன மணிக்கு வரும்?"

இருபத்திரண்டு பக்கத்தில் அந்தக் கேள்விக்கு ஒரு வரி இல்லை. நிறத்தில் வரைந்த படங்கள் இருந்தன. கரியமில வாயு எவ்வளவு குறையும் என்று இருந்தது. எத்தனை மணிக்கு வரும் என்று இல்லை.

"அது காத்தைப் பொறுத்தது அங்கிள்."

"லொறிக்காரன் பொய்யாச்சும் ஒரு நேரம் சொல்லுவான் தம்பி."

"பத்தரைக்கு" என்றேன். ஏன் பத்தரை என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

அவர் அறிக்கையை என் கையில் திருப்பி வைத்தார். "சரி. பதினாலு சாக்கு. திங்கக்கெழம, தொறமுகத்துக்கு வடக்க முகத்துவாரத்துல எறக்குங்க, நான் கைவண்டியோட வந்து நிக்கிறேன். சரக்கு நனையாம வந்துச்சுன்னா அன்னிக்கு சாயந்தரமே ஒங்க அம்மாவப் பாக்க வாறேன்." அம்மாவைப் பார்க்க வருவது என்றால் என்ன என்று எங்கள் மூவருக்கும் தெரியும்.

அந்தத் திங்கள் பங்குனித் திங்கள். பங்குனி முழுக்க எங்கள் வெள்ளவத்தை வீட்டுக்குள் முட்டை கூட வராது. திங்களில் அம்மா தண்ணீரும் குடியாமல் அம்மனுக்கு விரதம் இருந்து, பொழுதுபட்ட பிறகு புக்கை பொங்கிப் படைத்துத்தான் வாயில் ஏதும் வைப்பார். நான் அவரிடம், "பின்னேரம் ஒரு ஆள் வருவார்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறினேன். கருவாட்டைப் பற்றி மூச்சு விடவில்லை. அது கொட்டாஞ்சேனைப் பக்கம் போகிற கருவாடு, வெள்ளவத்தைக்கு அதில் என்ன வேலை?

நீர்கொழும்பில் வள்ளக்காரர் செபஸ்தியன் அண்ணை. ஐம்பது வயதிருக்கும். ஒரு பக்கம் மரக்கட்டை பூட்டி, பெரிய சதுரப் பாய் கட்டிய வள்ளம் அவருடையது. அவரும் மச்சானும் இன்றைக்கும் அதில்தான் மீன் பிடிக்கிறார்கள். திங்கள் காலை பதினாலு சாக்கையும் பொலித்தீனில் சுற்றி ஏற்றி முடிய ஏழேகால். தரையிலிருந்து குளிர்ந்த காற்று வீசிக்கொண்டிருந்தது.

"இப்ப தள்ளினா பத்துக்கு முந்தி முகத்துவாரம் மாத்தயா" என்று சிங்கள மரியாதையோடு சொன்னார். "தரைக் காத்து பத்து மணி மட்டுந்தான்."

எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. பத்தரை என்று நான் வாயில் வந்ததைச் சொன்னது கடலுக்கே கேட்டிருக்கிறது! அப்போது போன் அடித்தது.

"தம்பி, கெளம்பியாச்சா?" முதலாளி.

"இன்னும் பத்து நிமிசம் அங்கிள்."

"ஐயய்யோ! ஏழரைக்கு ராகு காலம் தம்பி. மொதச் சரக்கு. ஒம்பது தாண்டி எடுங்க."

செபஸ்தியன் அண்ணையிடம் சொன்னேன். அவர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு ஒரு பீடியைப் பற்றவைத்தார்.

"காத்து ராகு காலம் பாக்காது மாத்தயா."

அவர் சொன்னது எனக்கு விளங்காமல் இல்லை. காற்றைப் பற்றி இருபத்திரண்டு பக்கம் எழுதியவன் அல்லவா? ஆனால் ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் மாமனார். காற்றுக்கு மகள் இல்லை. மணலில் குந்தி இருந்தேன்.

ஒன்பது ஐந்துக்குத் தள்ளினோம். முதல் ஒரு மணித்தியாலம் ராசா மாதிரிப் போனேன். பாய்மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று படம் எடுத்து, "கப்பல் புறப்பட்டது" என்று பவித்ராவுக்கு அனுப்பினேன். (அந்தப் படம் இப்போது மாமியார் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறது. கேலிக்காக.) பத்து மணிக்குக் காற்று நின்றது. பாய் துவைத்துப் போட்ட வேட்டியாகத் தொங்கியது. கரை தூரத்தில், வெயில் தலையில், கருவாடு காலடியில். போனில் சிக்னலும் போய்விட்டது. பத்தரைக்கு முகத்துவாரத்தில் கைவண்டியோடும் உடைப்பதற்கு ஒரு தேங்காயோடும் நிற்கப்போகிற மனிதரை நினைத்தபோதுதான் காலையில் தின்ற இடியப்பம் மேலே வரத் தொடங்கியது. பிறகு இடியப்பம் மட்டுமல்ல, ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடும் வந்தது. அவர்கள் இருவரும் துடுப்புப் போட்டார்கள். நான் சாக்குகளின் மேல் குப்புறக் கிடந்து, கடல் பிரயாணத்தைக் கண்டுபிடித்தவனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஒன்றரைக்குக் காற்று வந்தது. வந்தது என்றால் அப்படி வந்தது! பின்னாலிருந்து பிடித்துத் தள்ளுகிற காற்று. வள்ளம் பறந்தது. எவ்வளவு நேரம் போனதோ தெரியாது, செபஸ்தியன் அண்ணை என் முதுகில் தட்டினார்.

"மாத்தயா, முகத்துவாரம் தெரியுது. திருப்பவா?"

ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கொழும்பிலே பிறந்து வளர்ந்தவன் நான். ஆனால் அதன் தெருவுக்குள் நின்றுதான் பார்த்திருக்கிறேன். கடலில் இருந்து பார்த்தால் எல்லாக் கட்டடமும் இடம் மாறி நிற்கிறது. போனை எடுத்தேன். வரைபடத்தில் எங்கள் நீலப் புள்ளி இன்னும் நீர்கொழும்புக்குப் பக்கத்தில் இருந்தது.

"இல்லை அண்ணை, இன்னும் கனதூரம் கிடக்கு. இஞ்ச பாருங்கோ."

அவர் போனைப் பார்த்தார். கரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நான் முப்பது வருசமா இந்தக் கடல்ல..."

"போன் பிழை விடாது அண்ணை."

"ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் சரி சொன்னார். சரக்குக்காரன் சொன்னால் சரிதானே.

துறைமுகத்தின் பாரந்தூக்கிகளை விலகிப் போனபோது கூட, நீர்கொழும்பிலும் துறைமுகம் கட்டிவிட்டார்களாக்கும் என்று நினைத்தேன். (சத்தியமாக நினைத்தேன். வயிறு காலியானால் மூளையும் காலி.) பிறகு சிக்னல் வந்தது. நீலப் புள்ளி ஒரே பாய்ச்சலில் முகத்துவாரத்தைத் தாண்டி வந்து பம்பலப்பிட்டிக்கு நேரே நின்றது.

"அண்ணை! திருப்புங்கோ, திருப்புங்கோ!"

"இந்தக் காத்துக்கு எதிரா, இந்தப் பாரத்தோடயா? ஏலாது மாத்தயா. எங்க எறக்க, சொல்லுங்க."

நான் கரையைப் பார்த்தேன். அந்த நீளக் கரையில் எனக்கு அடையாளம் தெரிந்தது ஒன்றே ஒன்று. ரயில் பாதைக்குப் பின்னால் ஒரு மாடிக் கட்டடத்தின் உச்சியில் மஞ்சள் சேலை ஒன்று காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. அம்மா விரத நாளில் முழுகிக் காயப்போடுகிற சேலை.

"அங்க" என்றேன். "அது எங்கட வீடு."

நான்கு மணிக்கு வெள்ளவத்தைக் கடற்கரையில், நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் வாய் பார்க்க, பதினாலு சாக்கும் இறங்கின. அலை பெரிதாகிறது என்று செபஸ்தியன் அண்ணை வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். முதலில் காகங்கள் வந்தன. பிறகு நாய்கள். முச்சக்கர வண்டிக்காரர் சாக்கைப் பார்க்காமலே "பெட்றோல் நே, மல்லி" என்றார், பெற்றோல் இல்லையாம். நான் முதலாளிக்குப் போன் எடுத்தேன்.

"அங்கிள், சரக்கு வந்திட்டுது. ஆனால் வெள்ளவத்தைக்கு."

"வாறேன்" என்று மட்டும் கேட்டது.

கட்டடத்தில் மின்வெட்டு, லிப்ட் இல்லை. நானும் காவலாளியுமாக நாலாம் மாடிக்கு ஒவ்வொரு சாக்காகச் சுமந்தோம். மணம் எங்களுக்கு முன்னமே படியேறிவிட்டது. மேலே போனபோது கதவு திறந்திருந்தது. அம்மா தலையில் ஈரம் காயாமல், திருநீற்றோடு நின்றார்.

"அம்மாளாச்சி! இதென்னடா?"

"சரக்கு, அம்மா."

"பங்குனித் திங்களும் அதுவுமா, அம்மனுக்கு முன்னால கருவாட்டைக் கொண்டு வந்து வைக்கிறியே, உனக்கு விசரே?"

கடைசிச் சாக்கு உள்ளே வந்தபோது முதலாளியும் வந்தார். பின்னால் பவித்ரா. காலை பத்து மணியிலிருந்து முகத்துவாரத்து வெயிலில் நின்றவர், ரயிலில் நெரிபட்டு வந்திருந்தார். உடைக்காத தேங்காய் இன்னும் கையில். வணக்கம் சொல்லவில்லை, இருக்கவில்லை. நேரே போய் ஒரு சாக்கின் வாயை அவிழ்த்து முகத்தை உள்ளே விட்டார். என்னுடைய அம்மா தன் சம்பந்தியை முதன்முதலில் கண்டது அந்தக் கோலத்தில்தான்.

"நனையல" என்று சாக்குக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ஐயா" என்றார் அம்மா. "நீங்கள் ஆரெண்டு எனக்குத் தெரியாது. முதல்ல இந்தக் கருவாட்டை எடுத்துக்கொண்டு போங்கோ. மிச்சக் கதை பிறகு."

முதலாளி நிமிர்ந்தார். மீசையில் ஒரு செதில்.

"மன்னிச்சுக்கங்கம்மா. வியாழக்கெழம வரைக்கும் லொறிக்கு டீசல் இல்ல. கருவாட்ட இப்ப எடுக்க முடியாது." கொஞ்சம் யோசித்தார். "வேணும்னா பொண்ணத் தர்றேன்."

பவித்ரா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அம்மா சிரித்தார். விடியற்காலையிலிருந்து ஒரு மிடறு தண்ணீர் குடியாத மனுசி, கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "பிழை என்னிலதான் அங்கிள்" என்றேன். "செபஸ்தியன் அண்ணை முகத்துவாரம் எண்டு காட்டினவர். நான்தான் போனைப் பார்த்து..."

"ஒம்பதுக்கு எடுங்கன்னு சொன்னது யாரு?" என்று வெட்டினார். "நான். ஒழுங்கா ஏழேகாலுக்கு எடுத்திருந்தா பத்தரைக்கு வந்திருக்கும். நீங்க சொன்ன நேரம் சரிதான் தம்பி."

ஆறு மணித்தியாலம் வெயிலில் நின்ற மனிதர், என் அம்மாவுக்கும் தன் மகளுக்கும் முன்னால், என்னுடைய பொய்யை உண்மை என்று ஏற்றுக்கொண்டார். அந்த நிமிசத்தில் பவித்ராவை விட அவரைத்தான் எனக்கு அதிகம் பிடித்தது. முதற் சரக்குக்கு என்று கொண்டுவந்த தேங்காயை எங்கள் படியில் உடைத்தார். அதன் பாலில்தான் அம்மா அன்றைக்குப் புக்கை பொங்கினார். சாமிப் படத்தையும் அடுப்பையும் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பொங்கினார். வியாழன் வரைக்கும் அங்கேதான் இருந்தார்.

ஆவணியில் கலியாணம். செபஸ்தியன் அண்ணை பஸ்ஸில் வந்தார். ஏன் வள்ளத்தில் வரவில்லை என்று மாமா கேட்டதற்கு, "மருமகன் வழி காட்டினா தெக்க காலிப் பட்டணத்துல போய் எறங்கியிருப்பன் முதலாளி" என்றார். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் வராத நேரத்துக்கு 'பத்தரை' என்று பெயர். வருகிறேன் என்று நான் போனில் சொன்னால் பவித்ரா, "நெசமான நேரமா, பத்தரையா?" என்று கேட்பாள். பாய்மரத்தில் சரக்கு அனுப்புவது சாத்தியமா என்று இப்போதும் சிலர் என்னைக் கேட்கிறார்கள். சாத்தியம்தான். நல்ல காற்று வேண்டும், கடல் தெரிந்த ஆள் வேண்டும், நான் ஏறக் கூடாது.

போன வருடம் வீட்டுக்குப் பெயின்ற் அடித்தோம். மழை பெய்தால், அந்தச் சாக்குகள் கிடந்த எங்கள் களஞ்சிய அறைச் சுவரில் இன்றும் லேசாகக் கருவாடு மணக்கும். மருந்து பூசி அதைப் போக்கலாம் என்றார் பெயின்ற் அடிக்க வந்தவர். நான் சரி என்று தலையாட்டுவதற்குள் அம்மா வந்து கதவடியில் நின்றார். அன்றைக்கும் ஒரு பங்குனித் திங்கள், விரதம்.

"அந்தச் சுவரில கை வையாதேங்கோ தம்பி" என்றார். "என்ர மருமகள் வந்த வாசம் அது."