ஒரு வரி கீழே இறங்கிய ராணி

"ஏன் சார், என் பொண்ணு பாம்புகளுக்குத் தாயா?"

தொலைபேசியில் ஒரு ஆள் கத்திய கத்தலில் சிவப்புமை ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தார். அவர் அச்சகத்தில் பிழைதிருத்துகிறவர். எந்நேரமும் சிவப்புப் பேனாவும் கையுமாக அலைவதால் வந்த பட்டப்பெயர் அது.

"மகளுக்கு என்ன பேருங்க?"

"சுரபி! காமதேனுவோட பேருன்னு ஆசை ஆசையா வச்சேன். உங்க புத்தகத்துல இப்படிப் போட்டிருக்கீங்களே!"

'பெண் குழந்தைகளுக்கு ஐயாயிரம் வடமொழிப் பெயர்கள்' புத்தகத்தில் 212-ஆம் பக்கத்தைப் புரட்டினார். பகீரென்றது. அச்சுக்குப் பக்கம் அமைக்கும்போது பொருள் வரிசை முழுக்க ஒரு வரி கீழே இறங்கிவிட்டிருந்தது. நாகமாதா சுரசாவின் பொருள் சுரபியின் தலையில். சுரபியின் பொருள் சுருசியின் தலையில். மூன்று முறை பார்த்துக் கையெழுத்துப் போட்ட மகானுபாவர் சாட்சாத் அவரேதான். எழுத்தைப் பார்ப்பாரே தவிர, கதையைப் பார்க்கும் வழக்கம் அவருக்குக் கிடையாது.

"விடுங்க சார், ஒரு திருத்தச் சீட்டு அடிச்சு ஒட்டிடலாம்" என்றார் மேலாளர்.

அப்பாடா என்று மூச்சுவிடப் போனவருக்கு அப்போதுதான் உறைத்தது. சுருசியா? ஐயையோ, அது வீட்டில் புதிதாகப் பிறந்த பாப்பாவுக்கு வைத்த பேராயிற்றே!

போன வாரம் பெரியவள் ஓடிவந்து, "அப்பா, உங்க புத்தகத்துலயே பார்த்துட்டேன். சுருசி! கேட்டதெல்லாம் தருபவள்னு போட்டிருக்கு" என்றாள். என் புத்தகமாக்கும் என்று மார்தட்டிக்கொண்டு அன்றைக்கே பதிவும் செய்துவிட்டார்.

நிஜப்பொருள் அடுத்த வரியில் இருந்தது: 'நல்ல ரசனை உடையவள். அரசனின் இரண்டாம் மனைவி. மூத்தாள் மகன் துருவன் அப்பா மடியில் உட்காரப் போனபோது விரட்டியடித்த மாற்றாந்தாய்.'

சிவப்புமை வீட்டிலும் இருப்பது இரண்டாம் மனைவிதான். பெரியவள் முதல் மனைவி விட்டுப்போன செல்வம். சித்தி வந்த புதிதில் கதவுக்குப் பின்னால் ஒளிந்தவள், இந்த இரண்டு வருஷத்தில் சித்தியோடு நகமும் சதையுமாகிவிட்டாள். இந்தச் சமயத்தில் இந்தப் பேரைச் சொல்லி அவள் தன்னைச் சாடை பேசிவிட்டதாக மனைவி நினைத்தால்? கட்டிய வீடு கலைந்துவிடாதா?

அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு வீட்டுக்குப் பறந்தார். வீட்டிலிருந்த புத்தகத்தை எடுத்துப் பாப்பாவின் துணிகளுக்கு அடியில் செருகினார். பாப்பாவா சும்மா இருக்கும்? அடுத்த நிமிஷமே தொட்டிலை நனைத்தது. மாற்றுத்துணி எடுக்கப் போன மனைவியின் கையோடு புத்தகமும் வந்தது.

"இது ஏங்க இங்க வந்துச்சு? பக்கத்து வீட்டு டீச்சர் கேட்டாங்க, குடுத்துடட்டுமா?"

"நானே குடுத்துடறேன்!" என்று பிடுங்கிக்கொண்டு குளியலறைக்குள் நுழைந்து, கத்திரிக்கோலால் அந்த ஒரு தாளை மட்டும் வெட்டியெடுத்தார். வெளியே வந்ததும் மனைவி புத்தகத்தை வாங்கிப் புரட்டினாள்.

"212 இருக்கிற தாளை மட்டும் காணோமே?"

"கரப்பான் அரிச்சிருக்கும்."

"கரப்பான் கத்திரிக்கோல் வச்சா அரிச்சுது?"

முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்று துணிந்துவிட்டார்.

"பேரை மாத்திடலாம்மா. சுமதின்னு வைப்போம், சுநீதின்னு வைப்போம், ஆயிரம் பேர் இருக்கு."

மனைவியின் முகம் மாறியது.

"பெரியவ ஆசையா சொன்ன பேருங்க. அதை மாத்தினா, சித்தி வந்ததும் என் பேச்சுக்கு மதிப்பில்லைன்னு அவ நினைக்க மாட்டாளா? எனக்குத்தானே கெட்ட பேரு?"

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையாகிவிட்டது. இனி ஒரே வழிதான். பெரியவளை மாடிப்படிக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"கண்ணு, அந்தப் பேரு பிடிக்கலைன்னு நீயே சித்திகிட்ட சொல்லிடேன்."

"எனக்குப் பிடிச்சிருக்கே!"

"அதுல ஒரு சங்கடம் இருக்குடா. ஒரு ராஜா இருந்தாரு. அவருக்கு ரெண்டு ராணி..."

வியர்த்து விறுவிறுத்து, மென்று விழுங்கி, துருவன் மடியேறப் போகும் இடம்வரை வந்துவிட்டார். தாயில்லாப் பிள்ளையிடம் அதற்குமேல் எப்படிச் சொல்வது? கண் கலங்கிவிட்டது.

பெரியவள் பாவாடையைச் சரிசெய்துகொண்டு படியில் சாவகாசமாக உட்கார்ந்தாள்.

"உடனே சின்ன ராணி அவனைப் போடான்னு விரட்டிட்டாங்க. அதானே?"

"உனக்கு... உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் கதவுக்குப் பின்னால ஒளிஞ்சப்பவே சித்தி அந்தக் கதையைச் சொல்லிட்டாங்கப்பா. 'சுருசின்னு நல்ல பேரு, அந்த ராணி கெடுத்துட்டா. நாளைக்கு நமக்கொரு பாப்பா வந்தா அதையே வச்சு சரி பண்ணிடுவோம், என் மடியில ரெண்டு பேருக்கும் இடமிருக்கு'ன்னாங்க. நீங்க பயந்துடுவீங்கன்னுதான் புத்தகத்துல பார்த்ததா சொல்லச் சொன்னாங்க. பின்ன, உங்க புத்தகத்தை நம்பி யாராவது பிள்ளைக்குப் பேர் வைப்பாங்களா?"