வெள்ளிக்கிழமைக் கற்பூரமும் கரடியின் பைக்கும்

“வாரம் ஒரு நாள் வண்டிக்குக் கற்பூரம் காட்டினா என்னடி குறைஞ்சிடும்?”

“பாட்டரி குறையும்.”

ஒரு காட்டில், மார்கழி வந்தால் பாதையெல்லாம் உறைபனி மூடும் மலைக்காட்டில், சடகோபன் என்ற கரடியும் அவன் மனைவி குமுதவல்லியும் குகையே அதிரக் கத்திக்கொண்டிருந்தார்கள். பனி விடும்வரை பைக்கை வெளியே எடுக்க முடியாது. அதுவரை பாட்டரி ஒயரைக் கழற்றி வைக்காவிட்டால், சும்மா நிற்கும்போதே அலாரம் பாட்டரியைக் குடித்துவிடும் என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் படம் போட்டே சொல்லியிருந்தது. குமுதவல்லி அதை வாசித்துத் தொலைத்திருந்தாள்.

“ஒயரைக் கழட்டிட்டா அலாரம் உங்கப்பனா வந்து அடிப்பான்? அந்தத் திருட்டு நரி வண்டியைத் தள்ளிட்டுப் போயிடுவான்.”

“பனி விட்டதும் என் தங்கச்சிக்கு வளைகாப்பு. அம்மா இல்லாத பொண்ணு. முதல் வளையல் நான்தான் போடணும். அன்னைக்கு இது கிளம்பலைன்னா இருக்கு உங்களுக்கு.”

“சாமி பார்த்துக்கும்.”

சாமி பார்க்க வசதியாக வெள்ளிக்கிழமைதோறும் சடகோபன் சாவியைத் திருகி, ஹெட்லைட், இண்டிகேட்டர், அடியில் ஒட்டிய நீல விளக்கு எல்லாவற்றையும் எரியவிட்டான். இருட்டில் கிடக்கும் வண்டிக்குப் பூஜை செய்தால் வீடியோ எடுபடாதாம். கற்பூரம் அணைந்து, பொங்கல் தீர்ந்து, சொந்தக்காரக் கரடிகள் எல்லாம் வீடியோவைப் பார்த்துப் போனில் கும்பிடு அனுப்பி முடித்த பிறகுதான் சாவியைத் திருப்பி விளக்குகளை அணைப்பான்.

வளைகாப்பு நாளும் வந்தது. பட்டுப்புடவையும் வளையல் பெட்டியுமாகக் குமுதவல்லி பின்னால் ஏறி உட்கார்ந்தாள். சடகோபன் பட்டனை அமுக்கினான். டிக். மறுபடியும் டிக். அவ்வளவுதான்.

“உதைச்சுப் பாருங்க.”

“இதுல கிக்கரே கிடையாதுடி.”

கூட்டம் கூடிவிட்டது. சடகோபன் நெஞ்சை நிமிர்த்தினான். “ஆனா பார்த்தீங்களா, நரி கிட்டக்கூட வரலை!”

“இதைத் தள்ளினா என் இடுப்புல்ல போயிடும், அண்ணே,” என்றது நரி. எல்லாரும் கைதட்டினார்கள்.

குமுதவல்லியின் போன் அடித்தது. “அக்கா, எங்கே இருக்கே? எல்லாரும் வந்தாச்சு. நல்ல நேரம் முடியப்போவுது.”

நடந்தால் நாளைக்குத்தான் போய்ச் சேரலாம். அவள் கூட்டத்தைப் பார்த்தாள்.

“யாராவது அந்தச் சரிவு வரைக்கும் தள்ளி விடுங்களேன். உருண்டாவது போயிடறேன்!”

எல்லார் கையிலும் போன் இருந்தது. படம் நன்றாக வந்துகொண்டிருந்தது.

நீதி: கிளம்பாத வண்டியைத் திருடன் தொடமாட்டான். ஆகவே பாட்டரி ஒயரைக் கழற்றாதீர்கள்.