மகளின் ஸ்கீக்குக் கூர் தீட்டிய கதை

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்கா கிளாடெட்டுக்கு,

தம்பி ஆர்மண்ட் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே மனிதர்கள், நாய், பழைய லாரி எல்லாம் சுகம். அங்கே உன் சுகமும் அத்தானின் முழங்கால் சுகமும் அறிய ஆவல். கையெழுத்து மணிமணியாக இருக்கிறதே, இவனுக்கு என்ன ஆச்சு என்று பதறாதே. வண்டி நிறுத்துமிடத்துப் பனிக்கட்டியில் வழுக்கி வலது மணிக்கட்டில் கட்டு. நான் சொல்லச் சொல்ல ஆள் வைத்து எழுதுகிறேன்.

முதலில் உனக்கு நன்றி. உன் மருமகள் டெல்ஃபீன் பனிச்சறுக்கு ரேஸ் அணியை விட்டுவிட்டு, இனி கம்பி மேல் வழுக்கி, மேட்டில் எகிறுகிற பார்க்கில்தான் ஸ்கீ ஓட்டுவேன் என்றாளே, அன்றைக்கு நான், "இத்தனை வருஷம் பயிற்சி குடுத்தது குரங்கு மாதிரி தாவுறதுக்கா?" என்று கத்திவிட்டேன். அதோடு பேச்சு நின்றது. உப்பு வேண்டுமென்றாலும் நாயைப் பார்த்துத்தான் கேட்பாள். அப்போது நீதான் போனில், "டேய், வாயைப் பொத்திக்கிட்டு அவ கேக்கற ஸ்கீய வாங்கிக் குடுடா. கடையில வாயத் திறந்தேன்னு தெரிஞ்சுது, ஈஸ்டருக்கு என் வீட்டுப் பக்கம் தலை வைக்காதே" என்றாய். உன் வாய்க்குச் சர்க்கரை என்ன, மேப்பிள் பாகே ஊற்ற வேண்டும்.

கடைக்குப் போனோம். என் காலத்தில் ஸ்கீ பலகை என்றால் தலைக்கு மேல் நிற்கும். இவள் எடுத்தது மூக்குவரை. வாயைத் திறக்கவில்லை. முன்பக்கம் வளைந்திருந்தது சரி, பின்பக்கமும் வளைந்திருந்தது, முதுகு முன்னே வர, பின்பக்கமாகவே வந்து இறங்க வேண்டுமாம்; திறக்கவில்லை. பின்னல் போட்ட தாடியோடு ஒரு கடைக்காரர், ஊறின ரொட்டி மாதிரி அதை வளைத்துக் காட்டி, "பூட்ஸ் மாட்டற பூட்டை நட்ட நடுவுல வைக்கவா?" என்று கேட்டார். நடுவிலா! ரேஸ் ஸ்கீயில் பூட்டு பின்னால் தள்ளித்தான் இருக்கும். எனக்கு இருமலே வந்துவிட்டது. டெல்ஃபீன் திரும்பி முறைத்தாள். "தொண்டையில கொசு" என்றேன். ஜனவரியில், பனி கொட்டுகிற வெர்மாண்டில், கொசு.

ஆனால் நீ வாயைத்தானே பொத்தச் சொன்னாய், கையை இல்லையே. சனிக்கிழமை அவள் எழுவதற்குள் அரத்தை எடுத்து, ஸ்கீயின் இரும்பு விளிம்பு முழுக்கக் கூர் தீட்டிவைத்தேன். தக்காளி நறுக்கலாம். ரேஸுக்கு எப்போதும் நான் செய்கிறதுதான். அன்பைக் காட்ட எனக்கு வேறு வழி தெரியாது, அக்கா. மலைக்குப் போனோம், அவள் முதல் கம்பியை நோக்கி வந்தாள், நான் பயத்தில் கண்ணை இறுக மூடிக்கிட்டேன், தொப்புன்னு ஒரு சத்தம். பார்த்தால் பிள்ளை பனியில் மல்லாக்கக் கிடக்கிறாள். தலைக்கு மேல் நாற்காலி லிஃப்டில் மலையேறிப் போன சனமெல்லாம் கைதட்டுது. அந்தத் தாடிக்காரரும் அங்கேதான் இருந்தார். ஓடிவந்து விளிம்பைத் தடவி, "அட கடவுளே, எந்தப் புண்ணியவான் தீட்டினது? கம்பியில ஏறுற ஸ்கீன்னா மழுங்க இருக்கணும், இல்லேன்னா கம்பியக் கடிச்சுக்குமே!" என்றார்.

"நான்தாங்க" என்றேன். போச்சு, இனி ஜென்மத்துக்கும் பேசமாட்டாள் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. சட்டைப்பையிலிருந்து அரத்தை எடுத்து, "எங்க, எவ்வளவு மழுக்கணும்னு நீயே சொல்லும்மா" என்றேன். அவள் என்னையே பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "காலுக்கு அடியில, அப்பா. நல்லா அழுத்தித் தேயுங்க." அப்பா என்றாள்! நாய் பக்கத்தில் இல்லவே இல்லை, என்னைத்தான். கண்ணைத் துடைச்சிக்கிட்டே தேய்ச்சேன். அடுத்த தடவை கம்பியின் கடைசிவரை வழுக்கிப் போனாள்.

எல்லாம் உன் புண்ணியம். ஆண்டவர் உனக்கு நீண்ட ஆயுளும் அத்தானுக்குப் புது முழங்காலும் தரட்டும். ஈஸ்டருக்கு எனக்கும் ஒரு தட்டு வை.

நன்றி மறவாத தம்பி,
ஆர்மண்ட்

பி.கு.: அத்தை, எழுதின ஆள் நான்தான், டெல்ஃபீன். அப்பா காபி போடப் போயிருக்கார். இவ்வளவையும் என் முகத்தைப் பார்க்காமலே சொல்லி முடிச்சார். மணிக்கட்டு போனது வண்டி நிறுத்துமிடத்துல இல்ல. தாடிக்காரர்கிட்ட ஸ்கீ இரவல் வாங்கிச் சின்னக் கம்பியில ஏறி, பின்பக்கமாவே வழுக்கிப் போய்க் கேன்டீன் வாசல்ல இறங்கினார். இன்னொண்ணு. நான் விழுந்ததுக்கும் அந்தக் கூருக்கும் சம்பந்தமே இல்ல. கம்பிக்கு முன்னாடியே தடுக்கி விழுந்துட்டேன், ஸ்கீ கம்பியத் தொடவே இல்ல. ஆனா அரத்தைக் கையில வெச்சுக்கிட்டு, "நீயே சொல்லும்மா"ன்னு அப்பா முதல் தடவையா என்கிட்ட கேட்டார். அப்புறம் எப்படி அத்தை உண்மையச் சொல்றது? நீங்களும் சொல்லிடாதீங்க.