புகைப்புரையில் காய்ந்த காப்பி

தங்கம்மையின் காப்பியைப் பாழாக்கியது நான். பழி அவர் மேல் விழுந்தபோது அதை இன்னும் கொஞ்சம் அழுத்திவிட்டதும் நான். முப்பது வருடம் பள்ளியில் வேதியியல் நடத்தியவன், பொய் சொன்ன பிள்ளைகளை வகுப்புக்கு வெளியே நிறுத்தியவன் என்பதையும் சேர்த்தே ஒப்புக்கொள்கிறேன்.

வெள்ளறடையில் எங்கள் சிறு விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கத்தில் என்னைத் தரப் பொறுப்பாளர் ஆக்கியிருந்தார்கள். (ஓய்வு பெற்று சும்மா இருப்பதுதான் தகுதி.) நன்றாகச் சிவந்த பழத்தை மட்டும் பறித்து, வலைக் கட்டிலில் வெயிலில் உலர்த்தி, ஒவ்வொரு வீட்டுக் காப்பியையும் தனித்தனியே சுவைத்துப் பார்க்கக் கொடுப்போம். தேறியதை வெளியூர் நிறுவனம் ஒன்று உயர்தரக் காப்பியாக வாங்கும். ஆரியங்கோட்டுத் தங்கம்மைக்கு அரை ஏக்கர்தான். ஆனால் பூப்பறிப்பதுபோலப் பழம் பறிப்பார். இந்த முறை அவருடையதுதான் முதலில் தேறும் என்று எல்லாரும் சொன்னோம்.

அவர் உலர்த்தக் கொடுத்த அந்தப் பழம் என் முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்தபோது காலம் தவறி மூன்று நாள் மழை. பூஞ்சை பிடித்துவிடுமோ என்று பயந்தேன். கொல்லையில் ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டுக் காயவைக்கும் புகைப்புரை கனன்றுகொண்டிருந்தது. சூடு சூடுதானே? தொங்கிய ஷீட்டுகளுக்கு மேலே பரண் கட்டிக் காப்பியைப் பரப்பினேன். மனைவி சரோஜம் எட்டிப் பார்த்தாள்.

"இது சரியாவுமா?"

"இது சயன்ஸாக்கும். நீ போயி சோலியப் பாரு."

இரண்டே நாளில் கலகலவென்று காய்ந்துவிட்டது. கொஞ்சம் வறுத்துப் பொடித்துக் குடித்தும் பார்த்தேன். அருமை. பிறந்த நாள் முதல் ஷீட்டுப் புகையையே சுவாசித்த மூக்கு என்னுடையது என்பது அப்போது உறைக்கவில்லை. (எங்கள் ஊரில் துவைத்த சட்டைக்கும் அதே மணம்தான்.)

நிறுவனத்திலிருந்து சுவை பார்க்க வந்த பெண்மணி வெளியூர்க்காரர். ஒவ்வொரு கோப்பையாகக் கரண்டியில் எடுத்து, சீழ்க்கை அடிப்பதுபோல் உறிஞ்சித் துப்பினார். தங்கம்மையின் கோப்பையில் உறிஞ்சியதும் தண்ணீர் கேட்டார்.

"இதை அடுப்புக்கு மேல வச்சுக் காயவச்சீங்களா? புகையும் டயரும் சேர்ந்த மாதிரி இருக்கு."

எல்லாரும் தங்கம்மையைப் பார்த்தார்கள்.

"எனக்க வீட்டுல கேஸ் அடுப்பாக்கும்," என்றார் அவர். "பறிச்ச அன்னைக்கே சாருக்க கையில குடுத்தேன். சாரே, நீங்க சொல்லுங்க."

சாராகிய நான் சொன்னேன்: "சில வீடுகள்ல, ஒரு நாள் அடுப்பங்கரையில வச்சிட்டுக் கொண்டுவாறது உண்டு."

மூட்டை ஒதுக்கப்பட்டது. அவர் காப்பியை இனி எடுப்பதா என்று அடுத்த மாதக் கூட்டத்தில் முடிவு செய்வதாகக் குறிப்பேட்டில் எழுதினோம். எழுதிய கையும் என்னுடையதே.

அந்த மாதம் முழுக்க சரோஜம் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. டம்ளரை மேசையில் வைக்கும்போது மட்டும், "சயன்ஸுக்குக் காப்பி," என்பாள். அதைவிடத் திட்டியிருக்கலாம்.

கூட்டத்துக்கு இரண்டு பக்க மன்னிப்புரை தயாரித்துக்கொண்டு போனேன். எழுந்து நின்றதும் ஒரு வரிதான் வந்தது.

"புகைப்புரையில வச்சது நானாக்கும்."

பின்வரிசையில் யாரோ பக்கத்திலிருந்தவரிடம், "எலே மக்கா, ரப்பர் பால் உறைய ஊத்துத ஆசிட்ட சாரு காப்பியில ஊத்தாம விட்டாரே," என்றார். அறையே சிரித்தது. தங்கம்மை சிரிக்கவில்லை.

"ஒரு மாசமா சர்ச்சுல கூட ஆளுவ என்னைய ஒருமாதிரியாக்கும் பாத்தது, சாரே."

என் காப்பியில் ஒரு மூட்டை தருகிறேன் என்றேன்.

"உங்களுக்க காப்பி எனக்கு வேண்டாம். ருசி பாத்த அந்த அம்மைக்கு உள்ளத எழுதிப் போடுங்க. பின்ன, அந்த மூட்டைய நீங்களே கொண்டுபோயி குடிச்சுத் தீருங்க."

அன்று மழையில் நனைந்துகொண்டே நடந்து வீட்டுக்கு வந்தேன். அவ்வளவு லேசாக நான் நடந்து வெகுகாலம் ஆகியிருந்தது. கடிதம் எழுதினேன். தங்கம்மை கடைசியாகப் பறித்துத் தன் வீட்டிலேயே உலர்த்தியதை அந்தப் பெண்மணி கேட்டு வாங்கிச் சுவைத்தார். தேறியது. இப்போது தரப் பொறுப்பு தங்கம்மையிடம். மழை இருட்டினால் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடுவது என் பொறுப்பு.

மூட்டை தீர ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது. இன்றும் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் சரோஜம், "பால் காப்பியா, பால் விடாத கட்டனா, இல்ல சாருக்க ஷீட்டா?" என்று கேட்கிறாள். தங்கம்மையிடம் மட்டும் கேட்பதில்லை. அவர் வரும்போதே தன் காப்பிப்பொடியைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்துவிடுகிறார். அதில் எனக்கும் ஒரு டம்ளர் உண்டு.